சாயம் போன செம்பருத்தி

— சுரண்டாதீங்கன்னா சுரண்டாதீங்க. எட்டு மாசமா அதே கட்டையை நகத்தால சுரண்டிக்கிட்டே இருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டா கட்டையே தேஞ்சு போயிடும்.

— நீதானே வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்றே? பட்டையைக் கீறிப் பாருங்க, உள்ள பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு, பழுப்பா இருந்தா முடிஞ்சுதுன்னு.

— ஒரு தடவை கீறிப் பாக்கச் சொன்னேன். தினமும் காலையில பல்லு விளக்கிட்டு நேரா வந்து கீறச் சொல்லல. நகருங்க, டிரம்மைக் கவுக்கணும்.

— இன்னைக்கேவா?

— இன்னைக்கேதான். நாலு மணிக்குப் பூச்செடிச் சங்கத்துக்காரர் புதுப் பூவைப் பதிவு பண்ண வர்றார். வந்ததும் என்ன கேப்பார்? "எங்கம்மா உங்க புதுச் செம்பருத்தி?"ன்னு கேப்பார். இந்தக் கட்டையையா காட்டறது? இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இந்த டிரம்முல எலுமிச்சை வைக்கப் போறேன்.

— அவசரப்படாதே முதலாளியம்மா. நாலு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. வண்டி ஸ்டாண்டை விட்டே கிளம்பல.

— உங்க பஸ்ஸுப் பேச்சை மூட்டை கட்டி வைங்க. முப்பது வருஷம் கண்டக்டரா இருந்த மனுஷனை, ரிட்டயர் ஆனாரேன்னு நர்சரிக்குள்ள விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். செடிங்களை "உள்ள போ, உள்ள போ"ன்னு தள்ளி ஒரு சட்டியில நாலு ஏத்தறீங்க.

— இடம் இருக்கும்போது ஏத்தாம விட்டா மனசு கேக்க மாட்டேங்குது.

— என் மனசு கேக்குதா? ஆறு வருஷம்! ஊதாப் பூவோட மகரந்தத்தை பிரஷ்ஷால தொட்டு மஞ்சப் பூவுல தடவி, காய் பிடிக்க வச்சு, முந்நூறு விதை முளைக்க வச்சேன். முளைச்சதுல எல்லாம் பூ பாத்துப் பாத்து, இது வேணாம், இது வேணாம்னு கழிச்சு, கடைசியில மிஞ்சினது இந்த ஒண்ணு. அதுவும் பூத்தது ஒரே ஒரு நாள். காலையில விரிஞ்சுது, சாயங்காலம் சுருண்டுது. அடுத்து வந்த மொட்டெல்லாம் மழையில உதிர்ந்து போச்சு. பாத்தது நான் மட்டும்தான்.

— அன்னைக்கு நான் மண்ணு வாங்கப் போயிருந்தேன்.

— ஆமா, நீங்க மண்ணு வாங்கப் போயிருந்தீங்க. போன்ல படம் எடுத்தேன், அதுல வெறும் வெள்ளையா விழுந்துச்சு. சாம்பல் கலந்த ஊதா, ஓரத்துல மெல்லிசா மஞ்சக் கோடு, நடுவுல மாதுளை முத்துச் சிவப்புன்னு சொன்னா யாரு நம்பறா? உங்க பொண்ணு என்ன சொன்னா? "அம்மா, கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்"னா.

— நான் நம்பினேனே.

— நீங்க நம்பின லட்சணம்தான் தெரியுதே. பிரசவம்னு பொண்ணு வீட்டுக்கு ரெண்டு வாரம் போயிட்டு வந்து பாக்கறேன், முழங்கால் உசரத்துக்கு மொட்டைக் கட்டை நிக்குது. கேட்டா பூச்சி அரிச்சுதாம். வெட்டினதையெல்லாம் எரிச்சிட்டாராம்.

— மாவுப்பூச்சி. வெள்ளை வெள்ளையா.

— மாவுப்பூச்சிக்கு சோப்புத் தண்ணி அடிப்பாங்க, இல்லேன்னா துணியால துடைப்பாங்க. தலையில பேன் இருக்குன்னு தலையையா வெட்டுவாங்க? சரி விடுங்க, பேசிப் பேசி ஓஞ்சுபோச்சு. ஒரு கை பிடிங்க. அந்தப் பக்கம். உம்... தள்ளுங்க!

— மெதுவா, மெதுவா, முட்டி...

— இது என்னது?

— எது?

— மண்ணுக்கு நடுவுல அடை மாதிரி காஞ்சு கிடக்கே, இது. வைக்கோல்கூட மக்கல. ஏங்க, இது சாணிதானே? பச்சையா வச்ச சாணிதானே?

— ஒரு... ரெண்டு கூடை.

— ரெண்டு கூடையா! பச்சைச் சாணி சூடுங்க! ஆறு மாசம் மக்க விட்டுத்தான் வேர்கிட்டயே கொண்டு போகணும், அதுவும் ஒரு கைப்பிடி. இதைச் சின்னக் குழந்தைக்குக்கூட சொல்லியிருக்கேனே! வேரை வேக வச்சுட்டீங்களே!

— நீ இல்லாதப்ப நல்லா கவனிக்கணும்னுதான். தளதளன்னு வளரட்டும்னு முதல்ல கிளையை வெட்டினேன். நீ ரோஜாவுக்கு வெட்டறதைப் பாத்திருக்கேன்ல? வெட்டினதும் பாவமா நின்னுச்சு. பாவமா நிக்குதேன்னு சாப்பாடு போட்டேன்.

— அப்ப பூச்சி?

— பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்.

— எட்டு மாசம் பொய் சொல்லியிருக்கீங்க.

— ஆமா.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான். டிக்கெட் எடுக்காதவனைப் பிடிச்சாக்கூட நான் சிரிக்கிறேன்னுதான் நினைப்பான்.

— எரிச்சதும் பொய்யா?

— எது?

— வெட்டின குச்சிங்களை எரிச்சேன்னீங்களே. பூச்சி இல்லேன்னா எதுக்கு எரிக்கணும்? கையில இருக்கற மண்ணைத் தட்டறதை நிறுத்திட்டு இங்க பாத்துப் பேசுங்க.

— எரிக்கல.

— குப்பையில போட்டீங்களா?

— உயிரோட இருக்கறதை எப்படிக் குப்பையில போடறது? பதினாலு குச்சி. நீ எல்லாருக்கும் சொல்லுவியே, அப்படியே செஞ்சேன். கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டி, அடி இலையைக் கிள்ளி, மேல இருக்கற இலையைப் பாதியா கத்தரிச்சு, மணல்ல ஊனி, நிழல்ல வச்சேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால.

— நட்டதை அசைச்சுப் பாத்தீங்களா?

— பாக்கக் கூடாதுன்னு சொல்லுவே.

— பாத்தீங்களா?

— மூணாம் நாளே பாத்தேன். ரெண்டு போச்சு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டேன். பன்னெண்டு பிடிச்சுது. ஒரு மாசத்துல ஒவ்வொண்ணும் ரெண்டு துளிர், மூணு துளிர்னு கண்ணைத் திறந்துச்சு. தனித்தனிச் சட்டியில மாத்தி வச்சேன்.

— பன்னெண்டா? ஏங்க, பன்னெண்டு செடியா? எனக்கு ஏன் சொல்லல?

— சொல்லிட்டு, அதுவும் செத்துப்போனா? நீ ரெண்டாவது தடவை அழணுமா? பூக்கட்டும், முதல் பூ விரிஞ்ச அன்னைக்கு உன் முன்னால கொண்டுவந்து வச்சிட்டு, அப்புறம் பொய்யை ஒத்துக்கலாம்னு இருந்தேன். நீ கண்டுபிடிச்சிடுவேன்னு ஒவ்வொரு சட்டியிலயும் "சிவப்பு"ன்னு அட்டை குத்தினேன். நீதான் சாதாச் சிவப்பைத் திரும்பியே பாக்க மாட்டியே.

— என் ராசா. எங்க இருக்கு? வாங்க, தொட்டிக்குப் பின்னால போய்ப் பாக்கலாம். எழுந்திரிங்க!

— இல்ல.

— என்ன இல்ல?

— அங்க இல்ல. வித்துப்போச்சு.

— யாரு வித்தா?

— எப்படியோ வித்துப்போச்சு. வண்டின்னா நாலு பேர் ஏறுவாங்க, நாலு பேர் இறங்குவாங்க.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்களா வித்தீங்க?

— முட்டி வைத்தியத்துக்குப் போய் ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன்ல, அஞ்சு மாசம் முன்னாடி? திரும்பி வந்து முதல் வேலையா தொட்டிக்குப் பின்னாலதான் போனேன். தட்டு காலி.

— அந்த வாரம் கடையில இருந்தது...

— நான் எதுவும் சொல்லல.

— அந்த வாரம் வந்தவங்க எல்லாம் சிவப்பு, சிவப்புன்னு கேட்டாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. முன்னால இருந்த சிவப்பெல்லாம் ஏற்கெனவே தீந்துபோச்சு. தேடிக்கிட்டே போனா தொட்டிக்குப் பின்னால ஒரு தட்டு. அடடா, இங்க இருக்கேன்னு... ஏங்க, நானா?

— தண்ணி குடி.

— நான்தான் வித்தேனா? இலையைப் பாத்தே என்ன பூன்னு சொல்லுவேன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சிக்கிட்டு, என் செடியை நானே, இந்தக் கையால தூக்கிக் குடுத்தேனா?

— அட்டையில சிவப்புன்னு இருந்தா எவனும் சிவப்புன்னுதான் நினைப்பான். பலகையில போட்டிருக்கற ஊருக்குத்தான் பஸ்ஸு போகும்னு ஏறுவோம். எழுதினவன் நான்.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அஞ்சு மாசமா உங்களைக் கொலைகாரன்கிற அளவுக்குத் திட்டறேன். நேத்துகூட சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிச்சேன். அப்பவாவது "நீதான்டி வித்தே"ன்னு ஒரு வார்த்தை...

— சொன்னா நீ தூங்குவியா? நான் திட்டு வாங்கிப் பழகினவன். சில்லறை இல்லேன்னு முப்பது வருஷம், தினம் ஆயிரம் பேர்கிட்ட வாங்கியிருக்கேன். நீ ஒருத்திதானே. அது பாட்டுக்குப் போகட்டும்னு விட்டுட்டேன்.

— இப்படி ஒரு மனுஷன்! உங்களைக் கட்டிக்கிட்டு அழறதா, இந்தக் கட்டையாலயே ரெண்டு போடறதான்னு தெரியல.

— கட்டை வேணாம், முட்டி ஏற்கெனவே...

— அக்கா! அக்கா, இருக்கீங்களா? உள்ள வரலாமா, இல்ல இங்கிருந்தே சத்தம் போடட்டுமா?

— யாரு... கண்ணைத் துடைச்சுக்கோ, வியாபாரம் வந்திருக்கு. வாங்கம்மா, உள்ள வாங்க! படி இருக்கு, பாத்து.

— வியாபாரம் இல்ல அண்ணா, வில்லங்கம் வந்திருக்கு. என்னை ஞாபகம் இருக்கா அக்கா? பின்தெருவுல தையல் கடை. உங்க ஜாக்கெட்டுக்குக்கூட ஒரு தடவை கை இறக்கித் தந்தேனே.

— ஞாபகம் இருக்கு, தையல்காரம்மா. உக்காருங்க. என்னது, சட்டிக்குத் துணியைச் சுத்திக் கொண்டு வந்திருக்கீங்க?

— வெளியில தெரிஞ்சா மானம் போகுதுன்னுதான் சுத்தினேன். அக்கா, நான் நேரா வெட்டித்தான் பேசுவேன், கோணல் கிடையாது. உங்களை நம்பி வாங்கினேன். தெருவுக்கே சொன்னேன், அந்த நர்சரிக்கார அக்கா வாயில பொய் வராதுன்னு. இப்ப தெருவுல தலை காட்ட முடியல.

— இலை மஞ்சளாயிடுச்சா? அப்ப தண்ணி அதிகம்னு அர்த்தம். சட்டிக்கு அடியில தட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, அடியில தண்ணி தேங்கினா வேர் மூச்சு விடாது.

— இலையெல்லாம் நல்லா இருக்கு. நீங்க சொன்ன மாதிரி, விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தறேன்.

— மொட்டு உதிருதா? மொட்டு விட்டிருக்கும்போது சட்டியை இடம் மாத்தக் கூடாது. வெயில் திசை மாறினாலே அது கோவிச்சிக்கும்.

— உதிரவும் இல்ல. இன்னைக்குக்கூட மடியில குழந்தையை வச்சிக்கிற மாதிரி வச்சித்தான் ஆட்டோவுல கொண்டு வந்தேன். பூத்துடுச்சுக்கா, அதுதான் என் பிரச்சினையே. ஒரு வாரமா தினம் ஒரு பூ. நான் கேட்டது சிவப்பு. நீங்க குடுத்ததுல சிவப்புன்னு அட்டை இருக்கு, இதோ, அட்டையைக்கூட பத்திரமா வச்சிருக்கேன். அண்ணா கையெழுத்துதானே இது?

— என் கையெழுத்துதான். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்.

— ஏம்மா, அப்ப என்ன நிறத்துல பூத்துது?

— நிறமாக்கா அது? இருபது வருஷமா துணி பாக்கறேன், எனக்கு நிறம் தெரியாதா? இது சாயம் போனது. நல்ல ஊதாத் துணியை ஒரு வருஷம் மொட்டை மாடியில காய விட்டா எப்படி இருக்கும், அப்படி. சாம்பல்னு சொல்றதா, ஊதான்னு சொல்றதா?

— அப்புறம்? ஓரத்துல?

— ஓரத்துல யாரோ மஞ்ச நூல்ல ஓரம் அடிச்ச மாதிரி. ஏன் அக்கா எழுந்துட்டீங்க? சண்டை போட வந்தது நான்.

— நடுவுல... நடுவுல என்ன?

— நடுவுல மட்டும் நல்ல சிவப்பு. மாதுளம்பழத்தை உடைச்ச மாதிரி. அந்தச் சிவப்பைப் பூ முழுக்கக் குடுத்திருந்தா நான் ஏன் வரப்போறேன்? இருங்க, பிரிச்சே காட்டறேன். இந்தாங்க, பாருங்க.

— கொஞ்சம் உக்காரு. இந்தா ஸ்டூல். உக்காருன்னா உக்காரு.

— ஏங்க, பாருங்க. நல்லா பாருங்க. உங்க கண்ணால பாருங்க.

— பாக்கறேன்டி.

— மஞ்சக் கோடு இருக்கா?

— இருக்கு. நீ சொன்ன மாதிரியே இருக்கு. ஒண்ணுகூட மாறல.

— நான் கனவு காணல. கண்ணுல எந்தக் கோளாறும் இல்ல. போனைப் போட்டு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, கண் டாக்டருக்குத் தேதி வாங்க வேணாம்னு!

— அண்ணா, அக்காவுக்கு என்ன ஆச்சு? சிரிக்கிறாங்களா, அழறாங்களா? நான் அவ்வளவு பெரிய சண்டையெல்லாம் போட வரல. மாத்திக் குடுத்தாப் போதும், போயிடுவேன்.

— மாத்தித் தர்றோம்மா, தாராளமா! நல்ல ரத்தச் சிவப்பா, மொட்டோட இருக்கறதா பாத்துத் தர்றேன். இதை இங்கயே வச்சிட்டுப் போங்க. இந்தா, நீ இப்படி வா, காதைக் குடு. வாயைத் திறக்காதே. அவங்களே வேணாம்னு தர்றாங்க. வாங்கிக்கோ, ரைட் குடுத்து அனுப்பு.

— முடியாதுங்க.

— ஏன்டி?

— ஒரு பொய்யால எட்டு மாசம் போச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பொய் சொல்லாதவன்னு தெருவெல்லாம் சொல்லியிருக்கா.

— என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

— தையல்காரம்மா, உக்காந்து கேளுங்க. இது சாயம் போன பூ இல்ல. இது நான் ஆறு வருஷம் தவம் கிடந்து உண்டாக்கின பூ. வேற எந்த நர்சரியிலயும் கிடைக்காது, ஏன்னா வேற யாருகிட்டயும் இல்ல. தாய்ச்செடி அதோ, அந்தக் கட்டை. செத்துப்போச்சு. தெரியாம உங்ககிட்ட சிவப்புன்னு வித்துட்டேன். மாத்திக்கணும்னா பத்துச் சிவப்பு தர்றேன். ஆனா என்ன குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுங்க. வேணாம், நானே வச்சிக்கிறேன்னு சொன்னாலும் சரி. ஒரே ஒரு குச்சி வெட்டிக்க விடுங்க, அது போதும்.

— ஐயையோ. நான் இதைச் சாயம் போனதுன்னேனே.

— சொல்லுங்க! இன்னும் நூறு தடவை சொல்லுங்க. இதைவிட அழகா யாரும் சொல்ல முடியாது.

— இப்பப் பாத்தா... இப்பப் பாத்தா நல்லாத்தான் இருக்கு இல்ல? இந்த மாதிரி ஒரு பட்டு வந்தா நானே எனக்கு எடுத்துப்பேன். சரி அக்கா, அழாதீங்க. எடுத்துக்கோங்க. உங்க குழந்தையை உங்க மடியிலயே விட்டுட்டேன்னு நினைச்சிக்கிறேன்.

— பாத்தியா! நாலு மணிக்கு அவர் வரட்டும். மேசையில வெள்ளைத் துணி போட்டு, நடுவுல இந்தச் சட்டியை வச்சு, நான் வாசல்லயே நின்னு "ஏறுங்க, ஏறுங்க"ன்னு கூப்பிடறேன். பேரு என்ன போடப் போற? அந்தப் படிவத்துல பேருக்குன்னு கட்டம் காலியா வச்சிருக்கியே.

— கட்டம் காலியாவே இருக்கட்டும்ங்க. ஒரு செடியை வச்சு ஒண்ணும் ஆகாது.

— ஏன்? பூதான் கண் முன்னால இருக்கே!

— சங்கத்து விதி அது. பத்துச் செடியாவது ஒரே மாதிரி பூத்திருக்கணும். ஒண்ணுல மட்டும் பூத்தா, ஏதோ மண்ணோட வேலை, மருந்தோட வேலைன்னு தள்ளிடுவாங்க. பத்துலயும் அதே பூ, அதே கோடு, அதே சிவப்பு இருந்தாத்தான் புதுப் பூன்னு என் பேர்ல பதிவு பண்ணுவாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்.

— அந்த மத்த பதினொண்ணு...

— எந்தெந்த வீட்டுல இருக்கோ, எந்தச் சட்டியில காஞ்சு கிடக்கோ. யாரைப் போய்த் தேடறது? போகட்டும். என் பேர்ல பதியாட்டி என்ன? பூ இருக்கு, நீங்க பாத்தீங்க, இவங்க பாத்தாங்க. என்னைக் கிறுக்கின்னு இனி யாரும் சொல்ல முடியாது. நான் ஜெயிச்சிட்டேங்க. இது போதும்.

— எனக்குப் போதாது. என்னால கெட்டது.

— விடுங்கங்கறேன்ல.

— அக்கா, ஒரு நிமிஷம். எத்தனை செடி வேணும்னு சொன்னீங்க?

— பத்து. ஏம்மா?

— பத்து போதுமா?

— போதுமாவா? ஏன் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறீங்க?

— அண்ணா, முதல்ல அந்தப் பெரிய கேட்டைத் திறந்து வைங்க. மேசையும் ஒண்ணு பத்தாது.

— எதுக்கும்மா?

— வீட்டுக்கு வீடு வாசல்ல சிவப்பு வைக்கலாம்னு நான் சொன்ன பேச்சைக் கேட்டு, அந்த வாரமே உங்ககிட்ட வந்து வாங்கின பதினோரு பேரும், இதே சாயம் போன பூவோட ஆளுக்கொரு சட்டியைத் தூக்கிக்கிட்டு, அக்காவைத் திட்டறதுக்குப் பின்னாலயே வந்துக்கிட்டிருக்காங்க.